பிபி நார்மல், மனசு மட்டும் ஒப்பவில்லை

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஜெனரல் வார்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஐப்பசியில் எனக்கு நைட் ட்யூட்டி. பதினோராம் பெட்டில் 19 வயதுக் கல்லூரி மாணவன், டெங்கு, ஐந்தாவது நாள். சாயங்காலமே காய்ச்சல் விட்டிருந்தது. அவன் அம்மா, "ஜுரம் விட்டுடுச்சு சிஸ்டர், இனிமே பயமில்ல" என்று சந்தோஷமாக இருந்தார். இரவு ஒரு மணிக்கு பிபி பார்க்கப் போனபோது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கஃப் சுற்றும்போது கை சில்லென்று இருந்தது. ஏசி வார்டு என்று நினைத்துக்கொண்டேன். தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டான். பிபி 100/80, பல்ஸ் 108. பத்து மணிக்கு 110/70 இருந்தது. எல்லாமே நார்மலாக இருக்கும்போது டாக்டரை எழுப்பி என்ன சொல்வது, மனசு சரியில்லை என்றா? பேசாமல் இருந்துவிட்டேன். ஐந்தரை மணிக்கு ஐசியூவுக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. நல்லவேளை, பிழைத்து ஆறு நாளில் வீட்டுக்குப் போனான்.

இரண்டு வாரம் கழித்து அதே மாதிரி பயம் இன்னொரு பேஷண்டிடம் வந்தது. 60 வயதுக்காரர், ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த மறுநாள். மூன்று மணிக்கு டாக்டரை எழுப்பினேன். வந்து பார்த்தார், ஒன்றுமே இல்லை. "ஜோசியம் சொல்றதுன்னா வேற இடம் பாரும்மா" என்று எல்லோர் முன்பும் திட்டிவிட்டார். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டருக்கு இருபது வருட சர்வீஸ். வார்டுக்குள் நுழையும்போதே "ஏழாம் பெட்டைப் பாரு" என்பார், சரியாக இருக்கும். கேட்டால் "பட்சி சொல்லுது" என்று சிரிப்பார். அந்தப் பட்சி எனக்கு வருமா? உள்ளுணர்வை வளர்த்துக்கொள்ள முடியுமா? இன்னொன்று: வீட்டில் ஒரு வரன் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் பொருந்தியிருக்கிறது, மனசு மட்டும் வேண்டாம் என்கிறது. அதை நம்பலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

வயதில் என் மகளாக இருப்பீர்கள். ஆனாலும் 34 வருடம் வார்டிலும் நர்ஸிங் வகுப்பிலும் கூப்பிட்டுப் பழகிய வாய், அப்படித்தான் வருகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "ஏன் என்று சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அடுத்த நான்கு வரியில் ஏன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கை சில்லென்று இருந்தது. தூக்கமில்லாமல் புரண்டான். தாகம் என்றான், ஆனால் குடிக்க முடியவில்லை. பிபி 100/80.

அந்த பிபியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மேல் அளவு 100, 19 வயது ஒல்லிப் பையனுக்குப் பரவாயில்லை. கீழ் அளவு 80, அதுவும் பரவாயில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நார்மல். சேர்த்துப் பாருங்கள். பத்து மணிக்கு இரண்டுக்கும் இடைவெளி 40. ஒரு மணிக்கு 20. டெங்குவில் மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். உடம்பு சும்மா இருக்காது. கை கால்களுக்குப் போகும் குழாய்களை இறுக்கிப் பிடித்து பிபியைத் தூக்கி நிறுத்தும். அதனால் கீழ் அளவு ஏறும், கை கால் சில்லிடும், இதயம் வேகமாக அடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டுதலில் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், மேல் அளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஷாக் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் ஆபத்தான நிலை) என்றுதான் இருக்கிறது. அம்மாவுக்கு ஜுரம் விட்டது நல்ல சேதி. நமக்கு அது கெடு ஆரம்பிக்கும் நேரம். (வீட்டுக்காரர்கள் பிளேட்லெட் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில நாள் டாக்டர்களும் அப்படித்தான். பப்பாளி இலையைத் தேடி ஊரெல்லாம் அலைகிற நேரத்தில் யாராவது பையனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் தேவலை.)

உங்களுக்கு அன்று இதெல்லாம் வரிசையாகத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது; 30 பெட்டுக்கு இரண்டு பேர் இருக்கிற வார்டில் நின்று கணக்குப் போட யாருக்கு நேரம்? ஆனால் இரண்டு மழைக்காலத்தில் எத்தனை ஜுரக்காரர்களின் கையில் கஃப் சுற்றியிருப்பீர்கள்! ஜுரம் விட்ட பையன் எப்படி இருப்பான் என்று உங்கள் கைக்குத் தெரியும். அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். எழுப்பினால் "பசிக்குது" என்பான். கை வெதுவெதுப்பாக வியர்த்திருக்கும். பதினோராம் பெட்டில் இருந்தவன் அந்த மாதிரி இல்லை. உங்கள் கண்ணும் கையும் அதைக் கவனித்துவிட்டன. வாய்க்குச் சொல் கிடைப்பதற்குள் மனசில் ஒரு உறுத்தலாக வந்து நின்றது. பட்சி என்று உங்கள் இன்சார்ஜ் சொல்வது இதைத்தான்.

இது நான் ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. அமெரிக்காவில் கேரி கிளைன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு வேலை செய்த பெத் கிராண்டலும், குறைமாதக் குழந்தைகள் வார்டில் பழுத்த அனுபவமுள்ள நர்ஸ்களைப் பேட்டி எடுத்தார்கள். லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, இந்தக் குழந்தைக்குத் தொற்று என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். எப்படி என்றால், "சும்மா தெரியும்" என்பதுதான் முதல் பதில். ஆய்வாளர்கள் விடவில்லை. பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு ராத்திரி என்று எடுத்துக்கொண்டு, முதலில் எதைப் பார்த்தீர்கள், அப்புறம் எதைத் தொட்டீர்கள் என்று கேட்டார்கள். அப்போது கொட்டியது: தோல் நிறம் லேசாக மாறுவது, சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது, கை கால் தொய்ந்துபோவது. அதில் சில அறிகுறிகள் அப்போதைய மருத்துவப் புத்தகத்திலேயே இல்லை. சில, பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் தெரியும் அறிகுறிகளுக்கு நேர்மாறாக இருந்தன.

அதனால் உங்கள் இன்சார்ஜிடம் நீங்கள் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். "எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டால் பட்சி என்றுதான் சொல்வார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. "இன்னைக்கு ஏழாம் பெட்டுல முதல்ல எதைப் பாத்தீங்க?" என்று, அன்றே, அந்தப் பெட் பக்கத்திலேயே நின்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்து, "படுத்திருந்த விதம்" என்பார். "ஒரு பக்கமா சாய்ஞ்சு கட்டில் கம்பியப் பிடிச்சிட்டிருந்தார்ல?" என்பார். மூச்சுத் திணறுகிறவர் அப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்வார். ஒரு மாதம் இப்படிக் கேட்டால் அவருடைய இருபது வருடத்தில் நல்ல பகுதி உங்கள் கைக்கு வந்துவிடும்.

சரி, ஹெர்னியாக்காரருக்கு வருவோம்.

பையனைப் பற்றி எழுதும்போது உங்களையறியாமல் நான்கு அறிகுறி எழுதினீர்கள். இவரைப் பற்றி எழுதும்போது ஒன்றுகூட இல்லை. "அதே மாதிரி பயம் வந்தது", அவ்வளவுதான். அவருடைய முகம் எப்படி இருந்தது, வயிறு உப்பியிருந்ததா, மூச்சு எத்தனை, எதுவுமே கடிதத்தில் இல்லை. பதினோராம் பெட் உங்களுக்குள் இன்னும் காலியாகவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆகிவிடக் கூடாதே என்ற பயம் வார்டு முழுக்கச் சுற்றி, கடைசியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. இது எல்லோருக்கும் வரும். ஒரு பேஷண்டைக் கோட்டை விட்ட மாதம் முழுக்க நான் எல்லோருக்கும் பிபி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பேஷண்டுகளே, "போய் உக்காருங்க சிஸ்டர்" என்று சொன்ன ராத்திரிகள் உண்டு.

பயத்தையும் உறுத்தலையும் பிரிப்பது எப்படி? நான் வைத்திருக்கும் அடையாளம் ஒன்றுதான். பயம் வந்தால் மனசு என்னைப் பற்றியே பேசும்: என் ட்யூட்டியில் ஏதாவது ஆகிவிட்டால், யார் கேட்பார்கள், என்ன எழுதி வைப்பது. உறுத்தல் வந்தால் கண் திரும்பத் திரும்ப அந்தப் பெட்டுக்கே போகும். எப்போதும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. தொடர்ந்து நான்காவது நைட் என்றால் எனக்கே பிரியாது. அப்போது செய்யக்கூடியது, யோசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பது.

ஆனால் டாக்டரை எழுப்பியது தப்பு என்று நினைக்காதீர்கள். பெல்ஜியத்தில் பொது மருத்துவர்களிடம் காய்ச்சல், சளி என்று வந்த 3,890 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று தீர்மானித்தவர்கள் 3,369 குழந்தைகள். அவர்களில் 6 பேர் பிற்பாடு தீவிரத் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். "சோதனையில் ஒன்றுமில்லை, ஆனாலும் என்னவோ சரியில்லை" என்று மருத்துவருக்குத் தோன்றியதை மதித்து நடந்திருந்தால் அந்த 6 பேரில் 2 பேரைத் தப்பவிடாமல் பிடித்திருக்கலாம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை 44 வீண் அலாரம். இரண்டு குழந்தைகளுக்கு 44. எனக்கு இது மலிவாகத்தான் படுகிறது. உங்கள் ஹெர்னியாக்காரர் அந்த 44-ல் ஒருவர். டாக்டர் வாய் நீளம்தான், ஆனால் திட்டினாலும் மூன்று மணிக்கு எழுந்து வந்தாரே, அந்த மட்டில் நல்லவர். வராமல் போனிலேயே "பாராசிட்டமால் போடுங்க" என்பவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. மருத்துவருக்கு அந்த உறுத்தலை உண்டாக்கியவற்றில் முக்கியமானது குழந்தையின் அம்மா அப்பாவின் கவலை. இந்தத் தடவை வழக்கமான காய்ச்சல் மாதிரி இல்லை என்று பெற்றவர்கள் சொல்வது. நம் ஊரில் பேஷண்டின் பக்கத்தில் ராத்திரி பகலாக யாராவது ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவர்களை இடைஞ்சல் என்றே பழகிவிட்டோம். "அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்க" என்று விரட்டுகிறோம். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இவர் எப்பவும் இப்படித்தானா?" நமக்கு அந்தப் பேஷண்டைத் தெரிந்து இரண்டு நாள். அவர்களுக்கு இருபது, முப்பது வருடம். "இல்ல சிஸ்டர், என் பேரை மாத்திக் கூப்புடுறார்" என்று ஒரு மனைவி சொன்னால், எந்த மானிட்டரையும்விட அது பெரிய சேதி.

இப்போது என் கதை ஒன்று. உள்ளுணர்வு என்று பெருமையாகப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருடம், ஒரு மார்கழி ராத்திரி, கேஷுவாலிட்டி. பஸ் ஸ்டாண்டில் கிடந்ததாக ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். சாராய வாடை. நாக்குக் குழறல். ட்ரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தார், கெட்ட வார்த்தை பேசினார். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது: குடித்துவிட்டுக் கலாட்டா. அந்த வாரத்தில் அப்படி ஏழெட்டுப் பேரைப் பார்த்திருந்தேன். துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஓரத்துக் கட்டிலில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் தரை துடைக்க வந்த அம்மா, "சிஸ்டர், இந்தாளு சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. இந்தக் குளிர்லயா?" என்றார். ஓடிப் போய் ஸ்ட்ரிப்பில் பார்த்தால் சர்க்கரை 40-க்கும் கீழே. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றின சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "என் பை எங்கம்மா?" என்று கேட்டார். பையில் இன்சுலின் இருந்தது. ஒரு கிளாஸ் குடித்திருந்தார், உண்மை. சாப்பிடாமல் இன்சுலின் போட்டிருந்தார், அதுவும் உண்மை. நான் முதல் உண்மையோடு நின்றுவிட்டேன்.

அன்று எனக்கு வந்ததும் உள்ளுணர்வுதான். உங்களுக்கு வந்ததைவிடப் பலமாக, தெளிவாக வந்தது. தப்பாக இருந்தது. குடிகாரர் என்ற முத்திரை குத்திய நிமிடத்தில் நான் அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். தரை துடைத்த அம்மா நிறுத்தவில்லை. அதனால் இப்போது மாணவிகளிடம் சொல்வேன்: உள்மனசு "இங்கே பாரு" என்றால் கேளுங்கள், "இதுல பாக்க ஒண்ணுமில்ல, நடிப்பு" என்றால் கேட்காதீர்கள். வாடை, துணி, பேச்சு, ஜாதி, ஓயாமல் கத்துகிற பிரசவக்காரி இவையெல்லாம் நமக்குள் எழுப்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

டேனியல் கானமனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2002-ல் பொருளாதார நோபல் வாங்கிய உளவியல் அறிஞர். மனித மனசு எப்படியெல்லாம் தப்புக் கணக்குப் போடும் என்று ஆராய்ந்தவர். கேரி கிளைன் அதற்கு எதிர்ப்பக்கம். தீயணைப்பு வீரர்களோடு அலைந்து அனுபவக்காரர்களின் உள்ளுணர்வைக் கொண்டாடியவர். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை வரும் என்று பார்த்தால் ஒத்துப்போய்விட்டார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை இரண்டு. பார்க்கிற விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அப்புறம், நீங்கள் நினைத்தது சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு சர்வீஸ் போட்டாலும் வருவது தைரியம் மட்டுமே.

நோயில் ஒழுங்கு இருக்கிறது. டெங்கு தன் போக்கில்தான் போகும். நம் சிக்கல் இரண்டாவதில். நைட் முடிந்து ஏழரைக்கு ஹேண்டிங் ஓவர் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். ஐசியூவுக்குப் போன பேஷண்டுக்கு என்ன ஆனது என்று யாரும் நம்மிடம் வந்து சொல்வதில்லை. நாம் சந்தேகப்பட்டவர் நன்றாகப் போனாரா, சந்தேகப்படாதவர் கெட்டுப்போனாரா, தெரியாது. தெரியாவிட்டால் பட்சிக்கு எப்படிப் புத்தி வரும்?

அதனால் சட்டைப் பையில் ஒரு குட்டி டைரி வையுங்கள். பெயர் எழுதாதீர்கள், பெட் நம்பரும் தேதியும் போதும். ட்யூட்டி ஏறியதும் கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பு, ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் பத்து விநாடி நில்லுங்கள். முகத்தின் நிறம், படுத்திருக்கும் விதம், மார்பு ஏறி இறங்கும் வேகம், சாப்பாடு தொடாமல் இருக்கிறதா, சும்மா போர்வையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாரா. மனசில் உறுத்துகிற ஒன்றிரண்டு பெட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: "4, என்னவோ சரியில்லை, உதடு வறண்டிருக்கு, கூப்பிட்டா லேட்டா திரும்புறார்." அப்புறம் சார்ட்டைப் பாருங்கள். மறுநாள் வந்ததும் முதல் வேலை, அந்தப் பெட்டுக்கு என்ன ஆனது என்று பார்த்துப் பக்கத்திலேயே எழுதுவது. முன்கூட்டியே எழுதுவது முக்கியம். பிற்பாடு எழுதினால் எல்லோரும் "அப்பவே நெனச்சேன்" என்றுதான் எழுதுவோம். நினைத்திருக்கவே மாட்டோம்.

ஆரம்பத்தில் பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். இருக்கட்டும். எந்த மாதிரி ஆட்களிடம் தப்புகிறது என்று மூன்று மாதத்தில் தெரிய ஆரம்பிக்கும். என் டைரியில் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைச் சொல்லாத வயதான ஆண்களை நான் தொடர்ந்து "நல்லா இருக்கார்" என்று எழுதியிருந்தேன்.

இன்னொன்று, மூச்சு. நம் வார்டுகளில் பாதிக் கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் ரெஸ்பிரேஷன் 20. படுத்த படுக்கையானவருக்கும் 20, ஓடி வந்தவருக்கும் 20. யாரும் எண்ணுவதில்லை, நம் ரகசியம் நமக்குத் தெரியும். ஆனால் உடம்பு கெடும்போது பிபி சரிவதற்கு வெகு முன்பே மூச்சு ஏறிவிடும். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் பேஷண்டின் மூச்சு மாறிவிடும். பிடித்தபடியே கண்ணை மார்பில் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். 26 வரும்போது உங்கள் உறுத்தலுக்கு ஒரு நம்பர் கிடைத்துவிடும். அதேபோலப் புறங்கையால் முழங்காலிலிருந்து பாதம் வரை தடவிப் பாருங்கள், சில்லிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் ஆர்டர் தேவையில்லை.

நம்பர் கிடைத்தபின் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "என்னவோ மாதிரி இருக்கான் டாக்டர்" என்றால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அது ஜோசியமாகத்தான் கேட்கும். அன்று ராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"டாக்டர், ஜெனரல் வார்டு, பதினோராம் பெட், 19 வயசு, டெங்கு அஞ்சாவது நாள். சாயங்காலம் ஜுரம் விட்டுடுச்சு. பத்து மணிக்கு 110/70, இப்ப 100/80. பல்ஸ் 108. கை சில்லுனு இருக்கு, தூங்காம புரள்றான். எனக்குக் கவலையா இருக்கு. நீங்க வந்து பாக்கணும். அதுக்குள்ள ஹெமட்டோகிரிட் அனுப்பட்டுமா?"

அரை நிமிடம்கூட ஆகாது. (ஹெமட்டோகிரிட் என்பது நீர் கசிந்து ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் சோதனை.) "எனக்குக் கவலையா இருக்கு" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. நெதர்லாந்தில் நர்ஸின் கவலையை ஒன்பது அறிகுறிகளாகப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். மூச்சில் மாற்றம், புத்தித் தெளிவில் மாற்றம், பேஷண்டே "எனக்கு நல்லால்ல" என்று சொல்வது எல்லாம் அதில் வருகிறது. பல நாட்டு மருத்துவமனைகளில் அவசரக் குழுவைக் கூப்பிடுவதற்கான காரணங்களின் பட்டியலில், நம்பர்களோடு சேர்த்து, ஊழியருக்குக் கவலை என்பதும் ஒரு காரணமாக இருக்கிறது. சொல்லியும் வரவில்லை என்றால் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், அடுத்து சூப்பர்வைசர் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். எழுதுவதைப் பார்த்தாலே பலருக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

கடைசியில் வரன் விஷயம். வார்டுப் பட்சிக்கு அங்கே அதிகாரம் கிடையாது, அம்மா. காய்ச்சல்காரர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறீர்கள். மாப்பிள்ளைகளை எத்தனை பேர்? அதுவும் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில், காபி டம்ளரோடு, பெரியவர்கள் நடுவில் பத்து நிமிடம். அதில் யார் மனசுக்கும் ஒன்றும் தெரியாது, "பாத்தவுடனே பிடிச்சுப் போச்சு" என்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் இன்சார்ஜிடம் கேட்கச் சொன்ன கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: முதலில் எதைப் பார்த்தேன்? உங்களைக் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னாரா? நைட் ட்யூட்டி என்றதும் அவர் அம்மாவின் முகம் மாறியதா? ஏதாவது ஒன்று அகப்பட்டால் அவரிடமே நேரில் இன்னொரு தடவை பேசி, அதைக் கேட்டுவிடுங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் அவசரப்படாமல் கொஞ்சம் நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அப்புறம், இதில் வார்டுக்கும் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டாக்டரை எழுப்புவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கல்யாணம் வேண்டாம் என்பதற்கு 100/80 காட்ட வேண்டியதில்லை.

ஒரு வேலை தருகிறேன். பதினோராம் பெட் பையன் எத்தனை மணியிலிருந்து சிறுநீர் போகவில்லை என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவனுக்கு அன்று இன்டேக்-அவுட்புட் சார்ட், அதாவது உடம்புக்குள் போன நீர், வெளியே போன நீர் கணக்கு, போட்டிருப்பீர்கள். இன்சார்ஜிடம் சொல்லி, ரெக்கார்டு ரூமிலிருந்து கேஸ் ஷீட்டை வாங்கி, அவரோடு உட்கார்ந்து இரவு எட்டு மணியிலிருந்து ஐந்தரை வரை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, காலியாக விட்டிருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.